நல்லாயிருந்த டைமிங் செயின்

அந்த ஒர்க்‌ஷாப்காரருக்குத் தெருவில் ‘ஒத்தை வார்த்தை’ என்றுதான் பெயர். ஓடுகிற எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்து இன்ன கோளாறு என்று ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூட வாசலைச் சரியாக மிதிக்காதவர். கிரீஸ் துணி அலசுவதில் தொடங்கி, சொந்தக் கடை, கடைக்கு மேலேயே சொந்த வீடு என்று எழும்பி நின்றவர். அந்தப் பெயரை எவனும் அவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதுகொடிய உழைத்து வாங்கியது.

“இல்லாத கோளாற இருக்குன்னு சொல்லி ஒரு வண்டியையும் நான் நிறுத்தி வெச்சதில்ல” என்பார், யாரும் கேட்காமலே.

“நேத்தும் சொன்னீங்கண்ணே. நாளைக்கும் சொல்வீங்க. எனக்கு மனப்பாடம்” என்பார் எதிர்க்கடைப் பஞ்சர்காரர், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே.

அவருக்கு இருந்தது ஒரே மகள். மனைவி போன பிறகு, எண்ணெய்ப் பீப்பாய் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதி, நட்டும் போல்ட்டும் பொறுக்கி விளையாடி, அந்தக் கடைக்குள்ளேயே வளர்ந்தவள். கட்டிக்கொடுத்ததும் கூப்பிடு தூரத்தில்தான். சாயங்காலமானால் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்பாள். கல்யாணத்துக்கு அவர் கொடுத்த மோட்டார் சைக்கிள் கடையில் வாங்கியதல்ல. அடிபட்டுக் கிடந்த ஒரு வண்டியை எடுத்து, எஞ்சினைத் தன் கையாலேயே கோத்துக் கட்டியது.

இப்போது மாப்பிள்ளைக்குத் தொலைதூர நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. வண்டியிலேயே போனால் இரண்டு நாள் பயணம். சாமான்களை லாரியில் அனுப்பியாகிவிட்டது. அன்று இரவு மட்டும் அப்பா வீட்டில் தங்கி, விடியற்காலை கிளம்புவதாக ஏற்பாடு. மாடி அறையைப் பெருக்கி, புதுத் தலையணை உறை வாங்கிப் போட்டிருந்தார். அதன் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

மத்தியானமே இருவரும் வந்துவிட்டார்கள். மகள் மாடிக்குப் போக, மாப்பிள்ளை வண்டியைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

“மாமா, தூரப் பயணம். எஞ்சினுக்குள்ள இருக்கற டைமிங் செயின ஒரு பார்வை பாத்துடுங்க. எனக்கு ஒண்ணும் சத்தம் கேக்கல.”

“உங்க காதுக்கே கேட்டுட்டா நான் எதுக்கு மாப்ள கடை போட்டிருக்கேன்?”

எஞ்சின் ஆறும்வரை விட்டுவைத்து, பிறகு உதைத்து ஓடவிட்டுக் கேட்டார். கடகடப்பு இல்லை. அணைத்தார். மேல் மூடியைக் கழற்றிச் செயினை விரலால் அழுத்திப் பார்த்தார். விறைப்பாக நின்றது. பிறகு செயினைத் தளராமல் தள்ளிப் பிடிக்கிற டென்ஷனரை, ஸ்பிரிங்கை முதலில் எடுத்துவிட்டுக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். செயின் தேயத் தேய அதன் பல்லுத்தண்டு வெளியே வந்துகொண்டே இருக்கும். இதில் பாதிகூட வரவில்லை. இன்னும் பல வருஷம் தாங்கும். அவர் கட்டிய எஞ்சின் அல்லவா!

மார்தட்டிக்கொள்ள வேண்டிய இடம். ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

“செயின் நீண்டுபோச்சு மாப்ள. பல்லு தாண்டிச்சுன்னா வால்வு வளைஞ்சு எஞ்சினே காலி. புதுசு வெளியூர்லருந்து வரணும். நாலு நாள் ஆகும்.”

நாலு நாள். நாலு சாயங்காலம். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். டீ டம்ளரோடு மாடியிலிருந்து இறங்கி வந்த மகள், தட்டில் கிடந்த டென்ஷனரைக் கையில் எடுத்தாள். தண்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“நல்லாப் பாத்தீங்களாப்பா?”

“நான் என்னிக்கு நல்லாப் பாக்காம இருந்திருக்கேன்?”

அதற்குள் மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார். “வேலைல சேர்ற தேதிய நாலு நாளெல்லாம் தள்ள முடியாதுன்னுட்டாங்க மாமா. நல்லவேளை, இன்னிக்குச் சாயங்கால பஸ்லயே ரெண்டு சீட் கிடைச்சுது. வண்டி இங்கயே இருக்கட்டும்.”

ஒர்க்‌ஷாப்காரர் மாடிப்படியைப் பார்த்தார். கையில் இருந்த ஒரு ராத்திரியும் போயிற்று.

மகள் டென்ஷனரைக் கீழே வைக்கவில்லை. “இன்னொரு தடவ பாத்துடுங்களேன்ப்பா. இங்க வெளிச்சம் வேற கம்மியா இருக்கு. கண்ணு தப்பியிருக்கலாம்.”

இறங்கி வர அவள் ஏணி போட்டுக் கொடுத்துவிட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எதிரிலிருந்து பஞ்சர்காரர் சிரித்தார். “யாருகிட்டம்மா இன்னொரு தடவ கேக்கற? ஒத்தை வார்த்தைகிட்டயா?”

“சொன்னது சொன்னதுதான்” என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

 மகள், தண்டு பின்வாங்காமல் பிடித்திருந்த கொக்கியை நகத்தால் விலக்கி, பல்லுத்தண்டைக் கட்டைவிரலால் முழுக்க உள்ளே அமுக்கிவிட்டாள். இனி எவ்வளவு வெளியே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

“அப்பா சொல்றது சரிதாங்க” என்றாள் கணவனிடம். “நானும் பாத்தேன். முழுசா வெளிய வந்திருந்துச்சு.”

பஸ் நிலையத்தில் அவளுக்கு ஜன்னலோரச் சீட். கம்பி வழியாகக் கையை நீட்டி அப்பாவின் சட்டையில் இருந்த கிரீஸைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

“மாத்திரைய மறந்துடாதீங்க. செயின் வந்ததும் சொல்லுங்கப்பா. வந்து வண்டிய எடுத்துக்கறோம்.”

“ம்” என்றார். 

கடைக்குத் திரும்பி, அதே பழைய செயினோடு டென்ஷனரைப் பூட்டி, மேல் மூடியையும் மாட்டினார். ஒரே உதை. எஞ்சின் சீராக முணுமுணுத்தது.

டயரை உருட்டிக்கொண்டு வந்த பஞ்சர்காரர் நின்றார். “என்னண்ணே, செயின் போச்சுன்னீங்க? வெண்ணெயா ஓடுதே!”

“தப்பாச் சொல்லிட்டேன்.”

எவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்த வார்த்தை!

“நீங்களாவது, தப்பாச் சொல்றதாவது! போங்கண்ணே” என்று சிரித்தபடி டயரை உருட்டிக்கொண்டு போனார் பஞ்சர்காரர்.

ஒர்க்‌ஷாப்காரர் எஞ்சினை அணைக்காமல், மகள் வைத்துவிட்டுப் போன டீயை எடுத்தார். ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார்.