தண்ணீர் அசையாத நேரம்

உத்தமபாளையம் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் கான்வாஸை நிறுத்தியிருக்கிறேன். ஆயில் பெயிண்டில் வரைவது கொச்சித் துறைமுகத்துப் பாய்மரப் படகுகள். படகுகளுக்குப் போட்டோ இருக்கிறது. தண்ணீரில் பிம்பம் எப்படி விழும் என்று பார்க்கத்தான் இந்தக் கண்மாய்.

படித்துறையில் ஒரு பெண் சேலை அலசுகிறாள். தண்ணீர் கலைந்துகொண்டே இருக்கிறது. "தண்ணி அசையுது, கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்று கேட்கிறேன். தலையாட்டிவிட்டு, ஈரத்துணியோடு படியில் உட்கார்ந்துகொள்கிறாள்.

கடைசிப் படகின் பிம்பத்தை முடித்து நிமிரும்போது வெயில் சாய்ந்திருக்கிறது. அவள் அங்கேயே இருக்கிறாள்.

"இன்னும் போகலையா?"

"நீங்கதானக்கா தண்ணி அசையக் கூடாதுன்னீக. எங்காத்தா ஆஸ்பத்திரியில இருக்காக. மாத்துறதுக்கு வேற சேலை இல்ல. இத அலசித்தான் கொண்டு போகணும்."

பிரஷ்ஷைக் கீழே போடுகிறேன். ஓடிப்போய் அவளோடு சேர்ந்து அலசுகிறேன், மறுமுனையைப் பிடித்துப் பிழிகிறேன். விரித்துப் பார்த்தால், என் விரல்களில் இருந்த நீலப் பெயிண்ட் சேலையில் அப்பியிருக்கிறது.

"இருக்கட்டும்க்கா" என்று சொல்லி, கறை உள்ளே போகும்படி மடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

கறையை எடுக்கும் டர்பன்டைன் என் பையிலேயே இருப்பது, பஸ் போன பிறகுதான் நினைவுக்கு வருகிறது.