இரண்டு பட்டை குறைந்த ஜீப்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பந்திக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற ஆள் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் திருவாரூரில், காட்டுப் பாதைகளில் ஜீப் ஓட்டுகிறவர்கள் சிலர் கூடினார்கள். மெக்கானிக் பாய் வற்புறுத்தியதால் நானும் என் வண்டியோடு போனேன். ஒருவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், பின்னாடி ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை குறையுது? இதை வச்சுக்கிட்டு எந்த மலை ஏறுவீங்க?" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். உரக்கடைக்கு லோடு வண்டி ஓட்டுகிறேன். இந்த ஜீப் ஒரு ரைஸ்மில் வாசலில் மழையில் கிடந்த பழைய டீசல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற வகை. இதை வாங்கலாம் என்றவள் என் மனைவி. இப்போது அவள் இல்லை.

அவளுக்கு ஒரே ஆசை, உயரத்தில் நின்று கீழே பார்க்க வேண்டும். "நம்ம ஊருல ஏறிப் பாக்க என்னங்க இருக்கு? வாட்டர் டேங்கு. அதுலயும் பொம்பளைய ஏறவிட மாட்டானுங்க" என்பாள். கொல்லிமலையில் பஸ் போகாத கல் பாதை ஒன்று இருப்பதாக பாய் சொன்னார். அங்கேதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் நான், வெளியே சாக்கை விரித்து அவள். கல் தட்டாமல் இருக்கப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் இரும்புப் பட்டைகள் சேர்த்து வண்டியை உயர்த்தினோம். பெரிய டயர் போட்டோம். தண்ணீருக்குள் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு முட்டாதபடி காற்றுக் குழாயைக் கூரை வரை ஏற்றினோம். நான் கையை நீட்டினால் சரியான ஸ்பேனர் வந்து விழும். நான் அளவு சொல்லவே வேண்டியதில்லை.

என் அக்கா ஒருநாள் வந்து, "பிள்ளை இல்லாத வீட்டுல இரும்பைக் குளிப்பாட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமாங்க அண்ணி, இது ஸ்கூல் ஃபீஸ் கேக்காது பாருங்க" என்றாள். அக்கா டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அறுவடை முடிந்து கிளம்புவதாக இருந்தோம். அதற்குள் அவளுக்கு முதுகு வலி வந்தது. சாக்கில் உட்கார்ந்ததால் என்றுதான் நினைத்தோம். தஞ்சாவூரில் பார்த்தபோது புற்று முதுகெலும்பு வரைக்கும் வந்திருந்தது.

அதன் பிறகு கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, அடிக்கடி தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து ரோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு மதகு, மதகுக்கு மதகு ஒரு மேடு. மலைக்காக விறைப்பாகக் கட்டிய வண்டி ஒவ்வொரு மேட்டிலும் அவளைத் தூக்கிப் போட்டது. முதல் நாள் அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே வந்தாள். வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம், அதில் குனிந்து ஏற அவளால் முடியவில்லை.

பாயிடம் போனேன். ஸ்பிரிங் இளகட்டும் என்று, சேர்த்த பட்டைகளைக் கழற்றினோம். போதவில்லை. வண்டியோடு வந்ததிலும் இரண்டைக் கழற்றினோம். மணலில் புதையாமல் போக டயரில் காற்றைக் குறைப்பார்கள் என்று பாய் முன்பு சொல்லிக் கொடுத்திருந்தார். அதையும் செய்தேன்.

"அண்ணே, தார் ரோட்டுல இப்படி ஓட்டுனா டயர் சூடாயிடும். மெதுவாப் போங்க" என்றவர், மனசு கேட்காமல், "மலையேற வச்ச வண்டியத் தொட்டிலா ஆக்கிட்டமே அண்ணே" என்றார்.

முன் சீட்டில் சாய்ந்திருந்த அவள், "தொட்டில்னா நல்லதுதான பாய்? எங்க வீட்டுக்கு அது ஒண்ணுதான் வராம இருந்துச்சு" என்றாள். பாய் சட்டென்று திரும்பி, அங்கே இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார்.

மாட்டு வண்டி வேகத்தில்தான் போவோம். பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போவார்கள். அவள் கண்ணை மூடியபடியே, "அடுத்தது பெரிய மதகு, பிரேக்கத் தொடுங்க" என்பாள். நான் பிரேக்கில் காலை வைப்பேன். நாலு சக்கரமும் மெதுவாக ஏறி இறங்கும். அவள் மூச்சை விடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நானும் விடுவேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

கடைசியாகப் போனபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவளை முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து வண்டியை எடுத்தேன். கும்பகோணம் தாண்டியதும் அவளே பேசினாள்.

"இந்த வண்டி இனிமே கொல்லிமலை ஏறாதுல்ல?"

"பட்டையத் திரும்ப மாட்டுனா ஏறும்."

"இப்ப இருக்குறபடி எது வரைக்கும் ஏறும்?"

யோசித்துப் பார்த்து, "நம்ம ஆத்தங்கரை ஏறும்" என்றேன்.

"அப்ப ஏத்துங்க."

டிராக்டர் ஏறுகிற சரிவு ஒன்று ஊருக்குள் நுழையும் முன்னால் இருக்கிறது. நாலு சக்கரத்தையும் சேர்த்து, சின்ன கியரில் போட்டு, நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஏற்றினேன். மேலே போய் நின்றதும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஆறு நிறையத் தண்ணீர். மறுபக்கம் நாற்றங்கால் பச்சை தவிர வயலெல்லாம் தண்ணீர் கட்டி வானம் கிடந்தது.

"நம்ம வீடு எது?"

காட்டினேன்.

"இத்துனூண்டா?" என்றாள். பிறகு, "இது வாட்டர் டேங்கவிட உசரமா?"

"இல்ல. கம்மிதான்."

"பொய்யாச்சும் சொல்லுங்களேன்" என்று சிரித்தாள். சிரித்ததில் வலி வந்துவிட்டது. வலி அடங்கும் வரை என் தோளை விடவில்லை. வெயில் இறங்கிய பிறகு வந்த வழியே ரிவர்சிலேயே இறக்கி வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு உர லோடு எடுக்கப் போனேன். சாயங்காலம் வந்து ஜீப்பின் நாலு டயருக்கும் பழையபடி காற்று அடித்தேன். கழற்றிய அந்த இரண்டு பட்டையை மட்டும் திரும்ப மாட்டவில்லை.