எண்பத்திரண்டில் நின்ற சூடு

மச்சாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சத்தம். மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் ஓட்டுநர் கூண்டுக்குள் விட்டுவிட்டு அடித்த எச்சரிக்கை மணி. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடத்துக்காகத் தோண்டிய ஆழமான குழிக்குள் அந்த இயந்திரம் நின்றது. நான் அங்கே மேற்பார்வையாளன். மச்சாள் என் தாய்மாமனின் மகள், கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவிலேயே வளர்ந்தவள். பாவித்த இயந்திரங்களை இறக்கி விற்கும் இரத்மலானை யாட் ஒன்றில் மின்வேலை செய்தாள். எங்கள் கட்டட வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் அந்த பெக்கோவை வாங்கியதும் அங்கேதான்.

முதல் நாளிலிருந்து கூண்டுத் திரையில் ஒரே பிழைக் கோட் வந்துகொண்டிருந்தது. எஞ்ஜின் ஒயில் அழுத்தம் குறைவு என்று அதற்குப் பொருள். அந்தக் கோட் வந்தால் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைக்கும், தொடர்ந்து வந்தால் நின்றுவிடும். அதைப் பார்க்கத்தான் யாட்டிலிருந்து மச்சாளை அனுப்பியிருந்தார்கள். காலையில் வந்தவள் மடிக்கணினியை இணைத்துப் பார்த்தாள். எஞ்ஜின் குளிர்ந்திருந்ததால் அழுத்தம் சரியாகவே இருந்தது.

"எஞ்ஜின்ல ஒண்டும் இல்லை மச்சான். பழைய மெசின், சென்சர்தான் பொய் சொல்லுது" என்றாள். புதிய அழுத்தச் சென்சர் ஒன்றைப் பூட்டினாள். கோட் மறைந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படத் தயாரானாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. கடற்கரைப் பக்கத்து மண் எல்லாம் மணல், தண்ணீர் பட்டால் நிற்காது. பக்கத்து வீட்டின் பின்சுவருக்குக் கீழே நாங்கள் அடித்திருந்த பலகைத் தடுப்பு ஒரு பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. ஓப்பரேட்டர், பேருவளைப் பக்கத்துச் சிங்களவர், யாரும் சொல்லாமலே பெக்கோவின் கையை நீட்டி வாளியால் பலகையை அழுத்திப் பிடித்தார். மண் நின்றது. அடுத்த நிமிடமே கூண்டுக்குள் மணி அடிக்கத் தொடங்கியது. பழைய கோட்.

அந்த வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரும், பாரிசவாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த அவருடைய கணவரும் மட்டும்தான். நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "இவரை எப்பிடி மகன் நடத்திக் கொண்டுவாறது? கட்டிலோடதான் தூக்கவேணும்" என்றார் டீச்சர். நான்கு வேலையாட்களை உள்ளே விட்டேன். மற்றவர்களை இரும்பு முட்டுக்களை இறக்கச் சொன்னேன். இரண்டுக்கும் நேரம் வேண்டும். அதுவரை பெக்கோ நிற்கக்கூடாது. நின்றால், கையை இயக்கும் தேய்ந்த சிலிண்டர்கள் மண்ணின் அழுத்தத்தைத் தாங்காமல் வாளி மெல்லப் பின்வாங்கும்.

"நங்கி, மேக்க நவதினவா!" என்று கூண்டுக்குள்ளிருந்து ஓப்பரேட்டர் கத்தினார். இது நிற்கப்போகிறது, தங்கச்சி.

மச்சாள் எஞ்ஜின் மூடிக்குப் பக்கத்தில் மழையில் நனைந்தபடி மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய சென்சரும் அதே கோட்டைச் சொன்னால், இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லுமா? அவள் முகம் மாறியதை நான் கண்டேன். "மச்சான், இங்க பார். சூடு எண்பத்திரண்டு. காலமை எஞ்ஜின் பச்சைத்தண்ணியா இருக்கேக்கையும் எண்பத்திரண்டுதான் காட்டினது. அப்ப நான் கவனிக்கேல்லை."

கையை ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோனவள் சட்டென இழுத்துக்கொண்டாள். அனல். வெப்பச் சென்சரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தபோது, சென்சருக்குப் போகவேண்டிய வயரை வெட்டி, இடையில் நெல்மணி அளவு ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருந்தார்கள். எஞ்ஜின் எவ்வளவு கொதித்தாலும் இயந்திரத்தின் கணினிக்கு அது எண்பத்திரண்டு என்றே சொல்லும். எச்சரிக்கை வராது, விசிறியும் வேகம் எடுக்காது. வெப்பத்தில் ஒயில் தண்ணீராக இளகி, அதனால்தான் அழுத்தம் விழுந்திருக்கிறது. கோட் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

"அப்ப அதைக் கழட்டு" என்றேன்.

"கழட்டினா உண்மையான சூடு கணினிக்குத் தெரிஞ்சிடும். அந்த நிமிசமே எஞ்ஜினை நிப்பாட்டிப்போடும்" என்றாள். அந்தப் பொய்யை இன்னும் கொஞ்ச நேரம் காப்பாற்ற வேண்டியிருந்தது. டேப்பைத் திரும்பச் சுற்றினாள். டீச்சர் வீட்டுப் பூமரங்களுக்குத் தண்ணீர் விடும் குழாயை மதிலுக்கு மேலால் இழுத்து, தூசி அடைத்திருந்த ரேடியேட்டரில் பீச்சினாள். ஆவி எழுந்து அவளை மறைத்தது. ஓப்பரேட்டர் எஞ்ஜின் வேகத்தைக் குறைத்து, வாளியை அசையாமல் பிடித்தார். மணி நிற்கும், அடிக்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நான் பலகையைப் பார்த்தேன், அவள் அழுத்தத்தைப் பார்த்தாள்.

டீச்சரின் கணவரைக் கட்டிலோடு ஒழுங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் அவருக்குக் குடை பிடித்தார். கடைசி இரும்பு முட்டுக்காலை இறுக்கிக்கொண்டிருக்கும்போது எஞ்ஜின் ஒரு முறை இருமி, தானாகவே நின்றது. வாளி மெதுவாகப் பின்வாங்கியது. டீச்சர் வீட்டுக் குளியலறைச் சுவர் பிளந்து குழிக்குள் சரிந்தது. முட்டுக்கள் மற்றதைத் தாங்கின. யாருக்கும் காயமில்லை. மச்சாள் குழாயைக் கீழே போட மறந்து, நின்றுபோன எஞ்ஜினுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தாள்.

மழை விட்டதும் கொந்தராத்துக்காரரிடம் அந்த ரெசிஸ்டரைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அந்த மாதமே யாட்டில் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். அவள் துணிச்சலைப் பற்றி நான் வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் அவள் என்னை நிறுத்தினாள்.

"சும்மா இரு மச்சான். அந்த யாட்டில விக்கிறதுக்கு முந்தி கோட் அழிக்கிறது ஆரெண்டு நினைக்கிறாய்? முதலாளி சொல்லுவார், சூடேறுறதை மறைக்க நானும் வேற ஒருத்தரும் ரெசிஸ்டர் வைப்பம். அண்டைக்கு அந்த டேப்பைப் பிரிக்கேக்க, இது என்ர கை வேலையோ எண்டுதான் பாத்தனான். எனக்கு இண்டைக்கும் தெரியாது."

இப்போது அவள் கொட்டாஞ்சேனையில் சொந்தமாக வேலை செய்கிறாள். ஞாயிறு பூசை முடிந்தபின் சில நாட்களில் என் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொள்வாள். யாட்டில் தான் கைவைத்த இயந்திரங்கள் எங்கே வேலை செய்கின்றன என்று விசாரித்து விசாரித்துப் போகிறோம். பலர் உள்ளே விடுவதில்லை. சென்ற வாரம் ஹெவ்லொக் டவுனில் ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஓப்பரேட்டர் மரியாதையாக மூடியைத் திறந்துவிட்டார். அவள் டேப்பை வெட்டி, ரெசிஸ்டரை எடுத்து, வயரைச் சென்சரோடு இணைத்தாள். எஞ்ஜினை ஓடவிட்டதும் சூட்டின் எண்கள் ஏறத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் திரை சிவந்தது.

ஓப்பரேட்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை நாளா நல்லாத்தானே ஓடுச்சு அக்கா! நீங்கதான் பழுதாக்கிட்டீங்க."

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மச்சாள் முந்திக்கொண்டாள்.

"ஓம் தம்பி, நான்தான்" என்றாள். எஞ்ஜின் ஆறட்டும் என்று அங்கேயே மணலில் உட்கார்ந்தாள்.