கிதாபுக்குள் ஒரு மாலுமி

உப்புக்குளத்து ஹிதாயாவுக்கு வாசிப்புப் பைத்தியம். பெரிய பிள்ளையானதும் ஐந்தாம் வகுப்போடு அவளுடைய படிப்பை மறித்துவிட்டார்கள். பைத்தியத்தை மறிக்க ஒருவராலும் முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, புருசன் மர்சூக் தன் கருவாட்டுக் கடைக்குச் சுற்றுத்தாளாக வாங்கி வைக்கும் பழைய பத்திரிகைகள்தான் அவளுக்கு நூலகம். ஒரு தொடர்கதையைத் தொடங்குவாள். மிச்சத் தாள் கட்டாமீன் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு முருங்கன் சந்தைக்குப் பஸ் ஏறிவிடும். ஒரு கதையைக்கூட முடிவு வரைக்கும் வாசித்தவளில்லை. இதைச் சொல்லி யாரிடம் அழுவது? சோற்றுக்குக் குறையில்லாத வீடு.

அந்த வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், பச்சைத் துணியில் சுற்றிய ஒரு கிதாபு இருந்தது. மர்சூக்கின் தாய், மாமி ஆசியா உம்மாவுக்கு அவருடைய வாப்பா விட்டுப்போனது. உள்ளே எல்லாம் அறபெழுத்து. அறபெழுத்து என்றால் ஓதுகிற மார்க்கக் கிதாபுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமாட்டில் வைப்பார்கள், கண்ணில் ஒற்றி உதட்டால் முத்துவார்கள், திரும்ப மேலே ஏற்றிவிடுவார்கள். வாப்பாவுக்குப் பிறகு விரித்து வாசித்தவர்தான் இல்லை.

எழுபத்திரண்டாம் ஆண்டு மாரியில் அலுமாரிக்குள் கறையான் புகுந்தது. கிதாபின் மட்டை உதிர்ந்து கொட்டியது. சிதைந்த கிதாபைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, பள்ளிவாசல் வளவில் புதைக்கவேண்டும். ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது கொண்டுபோவதாகவும், வெள்ளைத் துணியில் கட்டி வைக்கும்படியும் மர்சூக் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹிதாயா முகம் கைகால் கழுவி ஒழு எடுத்துக்கொண்டு வந்து, புற்றுமண்ணைத் தட்டினாள். உள்ளே தாள்கள் முழுசாக இருந்தன. அவள் கண் சும்மா இருக்குமா? சின்ன வயதில் ஓதிப் பழகியபடி எழுத்துக் கூட்டினாள். அர்த்தம் தெரியாமல் ஓதியே பழகிய நாக்கு, ‘பெண்சாதி’ என்றது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். எழுத்துத்தான் அறபு, எழுதியிருந்தது அத்தனையும் தமிழ். ஏழு கடலும் சுற்றிய மாலுமி ஒருவன், பெண்சாதி கேட்ட சீலையை மறந்துவிட்டு, சொந்த வீட்டு வாசலில் பயந்துகொண்டு நிற்கிறான்.

கடைசித் தாளைப் புரட்டினாள். முடிவு இருந்தது. முதல் தரமாக ஒரு கதையின் முடிவு அவள் கையில். ஆனால் வாயைத் திறந்தால், மாமி இவ்வளவு காலமும் முத்தியது ஒரு மாலுமியின் கதையை என்றாகிவிடும். திறக்காவிட்டால் கதை மண்ணுக்குள் போய்விடும்.

மர்சூக் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து கையை நீட்டினான். அவள் கொடுக்காமல், கதிரையில் உட்கார்ந்திருந்த ஆசியா உம்மா பக்கம் திரும்பினாள்.

“மாமி, இது ஓதுற கிதாபு இல்ல. தமிழ்க் கதை. கொஞ்சம் கேளுங்கோ.”

கிதாபோடு விளையாடாதே என்று மர்சூக் முகம் கறுத்தான். அவள் வாசிக்கத் தொடங்கினாள். மாலுமி உள்ளே போகத் துணிவில்லாமல் வாசலில் நின்று இருமுகிறான். கடலுப்பு தொண்டையில் ஒட்டிவிட்டதா என்று உள்ளேயிருந்து பெண்சாதி கேட்கிறாள். சிரிப்பை அடக்கியதில் மர்சூக்கின் மீசை துடித்தது. ஆசியா உம்மா அசையவில்லை. கண்ணிலிருந்து நீர் மட்டும் வடிந்தது. ஹிதாயா பயந்துபோய் நிறுத்தினாள்.

“வாப்பா இதைத் தனிய வச்சுப் பாத்துப் பாத்துச் சிரிப்பார், மகள்,” என்றார் மாமி. “கிதாபைப் பாத்துச் சிரிச்ச பாவத்தை அவருக்கு மன்னிக்கச் சொல்லி, ஒவ்வொரு தொழுகையிலயும் நான் துஆக் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதிரையை மருமகள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

“நிப்பாட்டாத, வாசி. அவர் சிரிச்ச இடம் எதெண்டு பாப்பம்.”