டேங்க் எதிரே, நீலக் கேட், மாடி வீடு: என் விலாசம் ஊருக்கே தெரிந்த கதை

நேற்று மதியத்துக்குள் ஏழு போன்!

எல்லாம் முன்பின் தெரியாத நம்பர். ஆனால் எல்லோருக்கும் என் பெயர் தெரிந்திருக்கிறது.

"மேடம், புதுசா டொமைன் வாங்கியிருக்கீங்க, வெப்சைட் டிசைன் பண்ணித் தரட்டுமா?"

"மேடம், லோகோ வேணுமா மேடம்?"

(வாங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. என் சொந்தத் தங்கைக்கே இன்னும் சொல்லவில்லை!)

நான் வீட்டில் சுக்குமல்லிக் காபித்தூளும் ஏலக்காய் டீத்தூளும் செய்து விற்பது உங்களுக்குத் தெரியும். தேனி பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜெயமணி அக்காதான் பிடித்துத் தள்ளினார்.

"எத்தன நாளைக்கு வாட்ஸ்அப்லயே ஏவாரம் பண்ணுவ? சொந்தமா ஒரு வெப்சைட்டப் போடு ஆத்தா."

சரி என்று முந்தாநாள் மொபைலிலேயே கடைப் பெயரில் ஒரு டாட் காம் வாங்கினேன் (அதைத்தான் டொமைன் என்கிறார்கள்). எவ்வளவு பெருமை தெரியுமா!

ஃபார்மில் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கேட்டது. தப்பாகக் கொடுத்தால் ரத்தாகிவிடும் என்று வேறு பயமுறுத்தியது. பத்திர ஆபீஸ் மாதிரி ஏதோ தாள் தபாலில் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

தபால்காரர் திண்டாடக் கூடாதே! தெருப் பெயரோடு நிறுத்தாமல், "வாட்டர் டேங்க் எதிரே, நீலக் கேட், மாடி வீடு" என்று சேர்த்து அடித்தேன். (அடையாளம் சொல்லாத விலாசம் ஒரு விலாசமா?)

கீழே 'பிரைவசி' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. புரியாததை எதற்குத் தொடுவானேன் என்று விட்டுவிட்டேன்.

போன் செய்த முதல் ஆறு பேருக்கும் செம டோஸ்.

"எவென் குடுத்தான் என் நம்பர? வேற சோலி இல்லையா உங்களுக்கு?"

ஏழாவதாகப் பேசியது ஒரு பெண்.

"மேடம், வாட்டர் டேங்க் எதிரே, நீலக் கேட், மாடி வீடு... அதுதானே உங்க அட்ரஸ்?"

ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

ஏன் என்று உங்களில் சிலருக்குத்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் நானும் மகளும் ஒரே ஒரு பையோடு இந்தப் பக்கம் வந்தோம். (எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சுருளிப்பட்டியாகவும் இருக்கலாம், பண்ணைப்புரமாகவும் இருக்கலாம். இந்தப் பதிவும் நண்பர்களுக்கு மட்டும்தான்!)

என் கையை ஒடித்த மனிதர் இன்னும் எங்களைத் தேடுகிறார். என் கடைப் பெயர் அவருக்குத் தெரியும். வீடு மட்டும்தான் தெரியாது. பார்சலில்கூட ஜெயமணி அக்கா கடை விலாசத்தைத்தான் போடுவேன். போன மாதம் அங்கேயும் வந்து விசாரித்திருக்கிறார். "அப்பிடி யாரும் இங்கன இல்லய்யா" என்று அக்கா அனுப்பிவிட்டார்.

அவ்வளவு பத்திரமாக இருந்த நான், என் கையாலேயே கேட் கலர் வரைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

"யாரு நீ? அந்தாளு சொல்லித்தான் பேசுறியா?" என்று கத்திவிட்டேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, உங்கள யாராச்சும் தேடுறாங்களா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

"போனை வச்சிராதீங்கக்கா. டொமைன் வாங்கும்போது பிரைவசி போடலைன்னா, நம்ம விவரத்தை யார் வேணும்னாலும் தேடிப் பாக்கலாம். அப்படித்தான் எங்க வெப்சைட் கம்பெனிக்கும் லிஸ்ட் வருது. இப்பவே மூடிரலாம். லாகின் பண்ணுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்தேன். "பரவால்லக்கா, மெதுவா" என்றாள். எந்த பட்டன், அடுத்து எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரைவசியை ஆன் பண்ண வைத்தாள். டேங்க், கேட் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள்.

பிறகு தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள்.

"இன்னும் தெரியுதுக்கா. இருங்க."

அந்தப் பத்து நிமிடமும் நான் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப உங்க பேரே இல்ல! டொமைன் வித்த கம்பெனி விலாசம் மட்டும்தான் வருது. எங்க லிஸ்ட்லயும் உங்கள எடுத்துட்டேன். வேற கம்பெனிக்காரங்க கையில இருக்கலாம். அவங்க யாராச்சும் கூப்ட்டு அட்ரஸ் கேட்டா, தப்பான வீடுன்னு சொல்லிருங்க."

அப்போதுதான் கதவிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"என்னயக் காப்பாத்திட்டீக தாயி. பேரச் சொல்லுங்க, நம்ம டீத்தூள் ஒரு பார்சல் போடுறேன்."

"பேரெல்லாம் வேண்டாம்க்கா. நானும் ஒருத்தனுக்குப் பயந்து வீடு மாறி வந்தவதான்."

போனை வைத்துவிட்டாள்.

கடைக்கு டொமைன் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போதே உங்கள் விவரம் வெளியே தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள்.

பெயர் தெரியாத தங்கச்சி, நேற்று என்னால் உனக்கு ஒரு ஆர்டர்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் இன்று காலை என் மகள், மறுபடி ஊர் மாறத் தேவையில்லாமல், வழக்கம்போல யூனிஃபார்ம் போட்டு, அதே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நன்றிம்மா.