கொப்பியில் இருந்த கையெழுத்து

என் கணவர் கிளெமென்றுக்குப் பேச்சு குறைவு. பழைய சுவிஸ் கைமணிக்கூடு வாங்கப் போகிறவர்கள் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வருவார்கள். அது அசலா போலியா என்று பார்த்துச் சொல்வார். மணிக்கூட்டின் நம்பரையும் அடையாளங்களையும் கொப்பியில் எழுதி, கீழே கொண்டுவந்தவரின் கையெழுத்தை வாங்கி வைப்பார். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடமாட்டார். ஊர்க்கதை கேட்க ஆசைப்படும் எனக்கு இதில் தீராத எரிச்சல்.

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஜெகதீஸ்வரி என்றொரு அம்மா வந்தார். மகள் ஹம்சிகாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மணிக்கூடு போடவேண்டும். மாப்பிள்ளை ராகுலனே ஒன்றைத் தெரிந்து சொல்லியிருக்கிறார்: சிநேகிதனுடையது, கனடாவிலிருந்து வந்தது, பாதி விலை. திங்கட்கிழமை காசு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை காட்டியதைச் சோதிப்பது மரியாதையில்லை என்று இருந்தவர், காட்டிப் பார் என்று லண்டனில் இருக்கும் தம்பி கொடுத்த அரியண்டம் தாங்காமல்தான் வந்தாராம்.

பெட்டி, பத்திரம் எல்லாம் சரி. நம்பரும் பொருந்தியது. ஆனால் அசலில் ஆழமாக வெட்டியிருக்கும் நம்பர், இதில் புள்ளி புள்ளியாகச் சுரண்டியிருந்தது. வாங்கவேண்டாம் என்றார் கிளெமென்ற்.

ஜெகதீஸ்வரி யோசித்தார்.

"பாவம், பொடியனை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள். சொன்னால் வெக்கப்படுவார். நான் காசைக் குடுத்திட்டுப் பேசாமல் இருக்கிறன்."

அந்த நல்ல மனம்தான் கிளெமென்றின் வாயைத் திறந்தது. கொப்பியை எடுத்து, ஏப்ரல் மாதப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அதே நம்பர், பின்மூடியில் அதே கீறல். கீழே ராகுலனின் கையெழுத்து.

"இது மாப்பிள்ளையின்ர சொந்த மணிக்கூடு, அம்மா. போலி எண்டு அண்டைக்கே அவருக்குச் சொன்னனான்."

எனக்கு ஞாபகம் வந்தது. ஏமாந்துவிட்டேன் என்று இதே கதிரையில் இருந்து அழுதவன். தேத்தண்ணி கொடுத்துத் தேற்றியவள் நான். அப்போது உண்மையாகவே பாவப்பட்டேன்.

"நான் சொன்னால் மகள் நம்பமாட்டாள்," என்று ஜெகதீஸ்வரி எழுந்தார். "கூட்டிக்கொண்டு வாறன்."

பின்னேரம் இருவரும் வந்தார்கள். ஹம்சிகா அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை. நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி, மணிக்கூட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"ரெண்டையும் ஒண்டாக் குடுத்து அனுப்புவம், அம்மா."