இருநூற்று நாற்பது வோல்ட்

கனடாவில், ஸ்காபரோவில், வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான சாமான்கள் விற்கும் கடையில் ஒரு சனிக்கிழமை காலை அவரைச் சந்தித்தேன். அறுபதை நெருங்கிய யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நெற்றியில் திருநீறு, கையில் தையல் நாடா. எந்தச் சாமானையும் அளந்து பார்த்த பிறகுதான் அதைப்பற்றி விசாரித்தார்.

நானும் வாங்க வந்திருந்த பியர் காய்ச்சும் மின்சாரப் பானைகளில் இரண்டு எங்கள் முன்னால் இருந்தன. சின்னது இங்கே நூற்றிருபது வோல்ட் மட்டும் வரும் சாதாரண பிளக்கில் வேலை செய்யும், ஆனால் கொதிக்க நேரமெடுக்கும். பெரியதற்குச் சமையல் அடுப்பைப்போல இருநூற்று நாற்பது வோல்ட் வேண்டும்.

"அண்ணைக்கோ வாங்கிறியள், அக்கா?" என்று அவருடைய கணவரை நினைத்துக் கேட்டேன்.

"இல்லை, எனக்கு."

"அப்ப சின்னது காணும், அதுவே போதும். பேஸ்மென்ரிலை ஒரு மூலையிலை வைச்சால் வாற போற சனத்துக்குத் தெரியாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருசமாக் கராஜிலை இருந்து குடிக்கிற ஆம்பிளையளுக்கு இறைச்சி பொரிச்சுக் குடுத்தனான், தம்பி. அது சனத்துக்குத் தெரியாதோ? இது குசினியிலைதான் நிக்கும்."

"குசினியிலை அந்த வோல்ட் அடுப்புக்கு மட்டும்தானே வரும்?"

"ஓம். அடுப்பைக் கழட்டிப்போட்டு இதைக் கொழுவுவன். நான் பியர் காய்ச்சிற அண்டைக்கு வீட்டிலை சமையல் இல்லை. பசிக்கிறவை கடையிலை வாங்கட்டும்."

பெரியதையே வாங்கிக்கொண்டு போனார்.

நான் சின்னதை வாங்கினேன். கேட்பவர்களுக்கு அது சூப் காய்ச்சும் பானை என்று சொல்லி வருகிறேன். அவரிடம் யாராவது கேட்டிருந்தால் பியர் என்றே சொல்லியிருப்பார். ஒரு கிளாஸும் நீட்டியிருப்பார்.